பெட்டீட் என்று எழுதினேன்

எங்கள் தோட்டத்தில் எட்டு வயதுப் பெண்பிள்ளை ஒருத்தியைப் போன மாதம் வரைக்கும் ஓர் இங்கிலீஷ் சொல்லால் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பிறப்புச் சான்றிதழில் அவளுக்கு நல்ல பெயர் இருக்கிறது. ஆனால் தாய் கூப்பிட்டதும், மேல் லயத்து வரிசை வீட்டுக்காரர்கள் கூப்பிட்டதும் 'பெட்டீட்' என்றுதான். அந்தச் சொல்லை அவளுக்கு வைத்தவள் நான். வைத்தேன் என்று சொல்வதுகூட மழுப்பல்தான். ஒரு படிவத்தில் எழுதினேன். அப்படி எழுதியதால் நடந்ததைத்தான் சொல்லப் போகிறேன். சொன்னால் மனசு லேசாகும் என்று எனக்கு எதிர்பார்ப்பு ஒன்றும் இல்லை. ஒரு தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன், லேசாகவில்லை.

நான் பிள்ளைக் காம்பராவின் பொறுப்பாளர். மாவனல்லையிலிருந்து ஒரு மணித்தியாலம் பஸ்ஸில் வந்து, அதற்கப்புறம் நடந்து ஏற வேண்டிய தோட்டம் இது. பாதி தேயிலை, பாதி ரப்பர். தாய்மார் கொழுந்துக்கும் பால் வெட்டுக்கும் போகும்போது கைப்பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகும் இடம்தான் பிள்ளைக் காம்பரா. கடதாசியில் அதற்குச் சிறுவர் அபிவிருத்தி நிலையம் என்று பெயர், பலகையும் மாட்டியிருக்கிறோம். யாரும் அப்படிச் சொல்வதில்லை. என்னை டீச்சர் என்பார்கள். நான் டீச்சர் இல்லை. இருந்தாலும் ஒரு நாளும் திருத்தியதில்லை.

எனக்கு இங்கிலீஷ் தெரியும். இதை நான் சொல்லாமல் இருக்க மாட்டேன், எங்கே போனாலும் சொல்லிவிடுவேன். உயர்தரம் வரை தமிழில் படித்துவிட்டு, இரண்டு வருஷம் சனிக்கிழமை தோறும் மாவனல்லைக்குப் போய்ப் படித்த இங்கிலீஷ். அந்தக் காலத்தில் பழைய பேப்பர் கடை முஸ்லிம் நானா ஒருவரிடம் தடித்த அகராதி ஒன்றை வாங்கினேன். அட்டை போயிருந்தது, 'ஏ' எழுத்தில் முதல் பத்துப் பக்கமும் இல்லை. நானா அதைப் பழைய பத்திரிகைகளோடு சேர்த்து நிறுத்துத்தான் தந்தார். அந்த அகராதியில் சில சொற்களுக்குக் கீழே கட்டம் போட்டு, ஒரே மாதிரிச் சொற்களில் எதை எங்கே எழுதலாம் என்று விளக்கியிருக்கும். எனக்கு அந்தக் கட்டங்களில்தான் உயிர்.

'ஸ்மால்' என்ற சொல்லுக்குக் கீழே பெரிய கட்டம். 'ஸ்மால்' எல்லாவற்றுக்கும் பொது. 'லிட்டில்' என்றால் அதில் கொஞ்சம் செல்லம் சேர்ந்துவிடும். 'டைனி' மிகமிகச் சிறிது. 'ஸ்லைட்' உடம்பைப் பற்றியும் சொல்லலாம், காய்ச்சலைப் பற்றியும் சொல்லலாம். கடைசியில் 'பெட்டீட்'. சிறிய உருவம், பார்வைக்கு லட்சணம், பெண்களைப் பற்றி மட்டும் சொல்வது, பாராட்டு. எங்கள் ஆட்களிடம் இருப்பது 'சின்ன' என்ற ஒரு சொல். சிங்களத்தில் பேசினால் 'பொடி'. சின்னப் பிள்ளை, பொடி லமயா, முடிந்தது கதை. இங்கிலீஷ்காரன் எவ்வளவு நுணுக்கமாகப் பார்த்திருக்கிறான் என்று வியந்துபோய் உட்கார்ந்திருப்பேன். அப்போது அது எனக்கு அறிவு மாதிரித் தெரிந்தது.

தோட்டத்தை நடத்தும் கம்பனிக்கு மாதக் கடைசியில் ஒரு படிவம் அனுப்ப வேண்டும். இங்கிலீஷில்தான். பிள்ளையின் பெயர், வயது, வந்த நாட்கள், கடைசியாக 'வளர்ச்சி பற்றி ஒரு வரி'. கிலோவும் சென்டிமீட்டரும், மாதம் ஒரு தடவை வந்து பிள்ளைகளை நிறுக்கும் மிட்வைஃப் மிஸ்ஸின் அட்டையில் இருக்கும் என்பதால் கம்பனிப் படிவத்தில் அவற்றுக்கு இடமில்லை. மற்றத் தோட்டத்துப் பொறுப்பாளர்கள் அந்த ஒரு வரியில் மேலிருந்து கீழ்வரை 'குட்' 'குட்' 'குட்' என்று போட்டுவிட்டுப் போவார்கள். நான் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு முழு வாக்கியம் எழுதுவேன். ஒரு தடவை கேகாலையில் எல்லாரையும் கூப்பிட்டு நடத்திய கூட்டத்தில், தலைமை அலுவலகத்திலிருந்து வந்த மேடம் என் படிவத்தைத் தூக்கிக் காட்டி, இதை எழுதியது யார் என்று கேட்டார். எழுந்து நின்றேன். உங்கள் இங்கிலீஷ் அழகாக இருக்கிறது என்றார். அன்றைக்குப் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன், கால் வலிக்கவில்லை. அதற்குப் பிறகு நான் படிவத்தை எழுதியது பிள்ளைகளுக்காக இல்லை, அந்த மேடத்துக்காக. இதை அப்போது யாராவது சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன்.

பிள்ளையின் அளவைப் பற்றி எங்கள் தாய்மாரிடம் நேராக ஒரு பதில் வாங்க முடியாது. கொழுகொழுவென்று இருக்கிற பிள்ளையைத் தூக்கி வந்து, "எங்க டீச்சர், ஒண்ணுமே திங்க மாட்டேங்குறான், எலும்பும் தோலுமா கெடக்கான்" என்பார்கள். கண்ணு படாமல் இருக்க அப்படிச் சொல்ல வேண்டும். நாமும் ஆமாம் பாவம் என்று தலையாட்ட வேண்டும். 'நல்லா வளந்திருக்கானே' என்று வாய் தவறிச் சொல்லிவிட்டால் அன்றைக்குப் பின்னேரம் மிளகாயும் உப்பும் சுற்றி அடுப்பில் போட்டுவிடுவார்கள். அதனால் குறைப்படும் தாயின் பிள்ளையைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. குறைப்படாத தாயைத்தான் கவனிக்க வேண்டும். இது பத்து வருஷ வேலையில் நான் கண்டுகொண்டது. கண்டுகொண்டும் என்ன?

அந்தப் பிள்ளையின் தாய் குறைப்படாதவள். பால் வெட்டுக்காரி. விடியும்போதே பிள்ளையைக் கொண்டுவந்து விட்டுவிட்டு ரப்பர் மலைக்குப் போவாள். வெட்டி, பால் சேர்த்து, நிறுத்துக் கொடுத்துவிட்டுப் பகல் ஒரு மணி போல வருவாள். விரல் இடுக்கில் காய்ந்த பால் நூல் நூலாகத் தொங்கும். அதை உருட்டி உருட்டிப் பிய்த்துக்கொண்டே பேசுவாள். கணவன் கொழும்பில் ஒரு கடையில் வேலை, மாதம் ஒரு தடவை வருவான். "பிள்ளை எப்படி?" என்று கேட்டால் "நல்லாத்தான் இருக்கா டீச்சர்" என்பாள். அதோடு நிறுத்திக்கொள்வாள்.

பிள்ளைக்கு அப்போது நாலு வயது முடியவில்லை. இரண்டரை வயதுப் பிள்ளைகளோடு நிறுத்தினால்தான் வரிசை ஒழுங்காக இருக்கும். கை மணிக்கட்டு என் பெருவிரல் தடிப்பு. ஆனால் முகம் அவ்வளவு லட்சணம். பெரிய கண், சுருட்டை முடி, யாராவது பேசினால் வாயைப் பார்த்துக்கொண்டே நிற்பாள்.

அந்த மாதம் மிட்வைஃப் மிஸ் வந்த நாளில் வழக்கம்போலப் பிள்ளைகளைத் தொங்கு தராசில் மாட்டி நிறுத்தார். கொழுந்து நிறுக்கிறதும் அதே மாதிரித் தராசில்தான். பிள்ளைகளுக்கு அது விளையாட்டு, சிரித்துக்கொண்டே தொங்குவார்கள். அவளும் சிரித்தாள். மிஸ் சிரிக்கவில்லை. "மே லமயா பொடி வெடியி. பர மதி" என்றார். ரொம்பச் சின்னதாக இருக்கிறது, எடை போதாது என்று. அப்புறம் தாயைப் பார்த்து, "கெம தென்னே நெத்த?" என்று சத்தமாகக் கேட்டார். சாப்பாடு கொடுப்பதில்லையா? இருபது தாய்மாருக்கு முன்னால். அவளுக்குச் சிங்களம் நன்றாகத் தெரியும். தெரியாதவள் மாதிரி நின்றாள். கண்ணில் தண்ணீர் நின்றது, விழவில்லை. எனக்கு மிஸ் மேல் கோபம் வந்தது. மிஸ் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை என்பது தெரிந்தே கோபப்பட்டேன்.

பால்மாவுக்கும் சமையல் கேஸுக்கும் நாடே வரிசையில் நின்ற வருஷம் அது. கிளினிக்கில் கொடுக்கும் சத்துமாவும் அந்த வருஷம் ஒழுங்காக வரவில்லை. வாரத்தில் இரண்டு நாள் மரவள்ளிக் கிழங்கிலேயே ஓடியது லயத்தில். அப்போதுதான் கம்பனியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. பிள்ளைக் காம்பராவில் மிகவும் தேவைப்பட்ட பிள்ளைகளுக்கு மட்டும் நாளுக்கு ஒரு முட்டையும் ஒரு கோப்பைப் பாலும் தருவார்கள். யார் யாருக்கு என்பதை இந்த மாதப் படிவத்தைப் பார்த்துத் தீர்மானிப்பார்கள். அந்த வரியை நான் இரண்டு தடவை வாசித்தேன். எனக்குப் புரியவில்லை என்று சொல்ல வழியே இல்லை.

பகல் ஒரு மணி. பிள்ளைகள் பாயில் தூங்குகிறார்கள். எனக்கு உதவிக்கு இருக்கும் ஆயா வாசலில் உட்கார்ந்து அரிசி பார்க்கிறாள். நான் படிவத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாக எழுதுகிறேன். ஏழு பிள்ளைகளுக்கு 'அண்டர்வெய்ட்' என்று எழுதினேன். எடை குறைவு, மறுபேச்சில்லாத சொல். அவளுடைய வரிக்கு வந்ததும் பேனை நின்றது. 'டூ ஸ்மால்' என்று எழுதலாம். மிஸ் சொன்னதன் நேர் மொழிபெயர்ப்பு அது, அதனாலேயே எனக்குப் பிடிக்கவில்லை. 'டைனி'? அது பூச்சிக்குச் சொல்கிற மாதிரி இருந்தது. 'லிட்டில்' என்றால் எல்லாப் பிள்ளையும் லிட்டில்தான். பாயைப் பார்த்தேன். சுருட்டை முடி நெற்றியில் ஒட்டித் தூங்குகிறாள். அந்தக் கட்டத்தின் கடைசிச் சொல் ஞாபகத்துக்கு வந்தது. இத்தனை வருஷமாக எழுத இடம் கிடைக்காமல் வைத்திருந்த சொல். புதுச் சேலையை உடுத்த ஒரு கல்யாண வீடு கிடைத்த மாதிரி எனக்குச் சந்தோஷம் வந்தது. பெட்டீட், கலகலப்பான பிள்ளை என்று ஒரு வாக்கியம் எழுதினேன்.

தாய்க்கு வலிக்கக் கூடாது என்று நினைத்துத்தான் அப்படி எழுதினேன் என்று பின்னால் எனக்கு நானே பல தடவை சொல்லிக்கொண்டேன். அதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் தாய்க்குத்தான் இங்கிலீஷ் தெரியாதே? நான் எதை எழுதினாலும் அவளுக்கு வலித்திருக்காது. அந்தச் சொல்லை வாசிக்கப் போகிறவர் மேடம் ஒருவர்தான். அவர் புருவத்தைத் தூக்கி, அட, தோட்டத்தில் இருப்பவளுக்கு இந்தச் சொல் தெரியுமா என்று நினைக்க வேண்டும். அதற்காகத்தான் எழுதினேன்.

எழுதி முடிக்கும் நேரம் பார்த்துத் தாய் வந்து நின்றாள்.

"என்னா டீச்சர் எழுதுறீங்க? எம்புள்ளயப் பத்தியா?"

"ஆமா."

"என்னான்னு எழுதியிருக்கீங்க?" மிஸ்ஸிடம் பட்ட பேச்சு அவள் முகத்தில் இன்னும் இருந்தது.

"பெட்டீட்னு."

"அப்படின்னா?"

"சின்ன உருவந்தான், ஆனா அளவா, லட்சணமா இருக்கான்னு அர்த்தம். எல்லாருக்கும் இந்தச் சொல்ல எழுத மாட்டாங்க."

கடைசி வாக்கியம் நானாகச் சேர்த்தது. அவள் முகம் விரிந்ததை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை. "பெட்டீட்டு" என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். "இன்னொருக்கா சொல்லுங்க டீச்சர்" என்றாள். சொன்னேன். தூங்குகிற பிள்ளையை அள்ளித் தோளில் போட்டுக்கொண்டு, படி இறங்கும்போதும் அதைச் சொல்லிக்கொண்டே போனாள்.

இரண்டு வாரத்தில் பட்டியல் வந்தது. ஏழு பெயர்கள். அவள் பெயர் இல்லை. அதோடு வந்த படிவத்தின் நகலில், நான் எழுதிய அந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் மேடம் பென்சிலால் ஒரு சிரித்த முகம் வரைந்திருந்தார்.

அந்த நிமிஷம் ஃபோனை எடுத்திருக்கலாம். மேடத்தின் நம்பர் சுவரில் ஒட்டியிருந்தது. 'மேடம், நான் பிழையான சொல்லை எழுதிவிட்டேன், அந்தப் பிள்ளைக்குத்தான் எல்லாரையும்விட முட்டை வேண்டும்' என்று சொல்ல அரை நிமிஷம் போதும். சிங்களத்தில் சொல்லியிருந்தாலும் அவருக்கு விளங்கியிருக்கும். நான் எடுக்கவில்லை. அந்தச் சிரித்த முகம் என்னைத் தடுத்தது. அடுத்த மாதப் படிவத்தில் சரி பண்ணிக்கொள்ளலாம் என்று முடிவு செய்தேன். பசிக்கிறது அவளுக்கு, அவசரமில்லை எனக்கு.

முட்டை வந்த நாளிலிருந்து பகல் பன்னிரண்டுக்கு ஏழு முட்டை அவிப்போம். அந்த ஏழு பிள்ளைகளும் ஒரு பாயில், மற்றவர்கள் இன்னொரு பாயில். முதல் நாள் அவள் வந்து என் சேலையைப் பிடித்தாள்.

"டீச்சர், எனக்கு?"

"நீதான் கெட்டிக்காரியாச்சே. நீ ஓடு உரிச்சுக் குடு, பாப்பம்."

உரித்தாள். அவ்வளவு சின்ன விரலுக்கு அவ்வளவு சுத்தமாக உரிக்க வரும் என்று நான் நினைக்கவில்லை. ஒரு கீறல் இல்லாமல் உரித்து, ஒவ்வொருவர் தட்டிலும் வைத்துவிட்டு, ஓட்டில் ஒட்டிக்கொண்ட வெள்ளையை நகத்தால் வழித்து வாயில் வைத்துக்கொண்டாள். அடுத்த நாளிலிருந்து நான் கூப்பிடாமலே சட்டிக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுவாள். அது அவளுடைய உத்தியோகம் ஆகிவிட்டது. என் வீட்டிலிருந்து இரண்டு தடவை முட்டை கொண்டுவந்து அவளுக்குக் கொடுத்தேன். இரண்டே தடவை. என் வீட்டிலும் இரண்டு பிள்ளைகள் இருந்தார்கள், எங்களுக்கும் முட்டை சுலபமாகக் கிடைக்கவில்லை. ஏழு முட்டையை மசித்து எட்டாகப் பிரித்திருக்கலாமே என்று ஆயா பின்னால் கேட்டாள். எனக்கு அது தோன்றவே இல்லை. அகராதியில் இல்லாததால் தோன்றவில்லையோ என்னவோ.

அடுத்த மாதம் படிவம் வந்தது. இப்போது என்ன எழுதுவது? போன மாதம் லட்சணம் என்று எழுதிய பிள்ளையை இந்த மாதம் எடை குறைவு என்று எழுதினால், மேடம் என்ன நினைப்பார்? முப்பது நாளில் பிள்ளை எப்படிச் சுருங்கியது என்று கேட்பாரே? ஆகவே படிப்படியாக இறங்கலாம் என்று ஒரு திட்டம் போட்டேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. அந்த மாதம் 'ஸ்லைட்' என்று எழுதினேன். மெல்லிய உடம்பு. அதற்கடுத்த மாதம் 'ராதர் ஸ்மால்'. கொஞ்சம் சின்னதுதான். மாதத்துக்கு ஒரு படி. என் இங்கிலீஷுக்கு ஒரு பங்கமும் வராமல், நான் முதலில் எழுதியதைப் பொய்யாக்காமல், அகராதியின் கட்டத்தில் பின்னோக்கி நடந்தேன். நாலாவது மாதம் 'டூ ஸ்மால்' என்று எழுதி, கீழே கோடும் போட்டு அனுப்பினேன். அந்தப் படிவம் போய்ச் சேர்ந்த வாரம், முட்டைத் திட்டம் முடிந்துவிட்டது, ஒத்துழைப்புக்கு நன்றி என்று கடிதம் வந்தது.

ஏழு பிள்ளைகளில் ஐந்து பேருக்கு அந்த நாலு மாதத்தில் எடை ஏறியது. மிஸ்ஸின் அட்டையில் கோடு மேலே போனதை நானே பார்த்தேன். அவளுடைய கோடு போகவில்லை.

பிறகு அவள் பள்ளிக்கூடம் போனாள். சொல்லும் கூடவே போனது. முதலாம் வகுப்பில் சேர்க்கப் போன இடத்தில், இவ்வளவு சின்னப் பிள்ளையா, வயது சரிதானா என்று கேட்டிருக்கிறார்கள். தாய் நெஞ்சை நிமிர்த்தி, "பெட்டீட்டு மிஸ், எங்க பிள்ளைக் காம்பரா டீச்சர் இங்கிலீசுல எழுதியே குடுத்திருக்காங்க" என்று சொல்லியிருக்கிறாள். வந்து என்னிடம் அதைப் பெருமையாகச் சொன்னாள். காலைக்கூட்டத்தில் பிள்ளை எப்போதும் வரிசையில் முதலாவதாக நிற்பாள். போன வருஷத்துச் சட்டையே இந்த வருஷமும் போதும். "பெட்டீட்டா இருக்கிறதுல இதான் லாபம்" என்று தாய் சிரிப்பாள். நானும் சிரிப்பேன். சிரிக்காமல் என்ன செய்ய? லயத்துப் பிள்ளைகள் பெட்டீட், பெட்டீட் என்று கூப்பிட்டு விளையாடும் சத்தம் என் ஜன்னலுக்குக் கேட்கும். ரம்புக்கனைப் பக்கமிருந்து ரயில் ஊதுகிற சத்தம்கூட எனக்குப் பழகிவிட்டது, அது பழகவில்லை.

ஒரு நாள் மிட்வைஃப் மிஸ்ஸிடம் பொதுவாகக் கேட்கிற மாதிரிக் கேட்டேன். அந்த வயதில் நாலு மாதம் முட்டை தின்றால் ஒரு பிள்ளை வளர்ந்துவிடுமா? "ஒருவேளை வளரும், ஒருவேளை வளராது. சொல்ல முடியாது" என்றார். அந்த 'ஒருவேளை'யை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். பகலெல்லாம் அது எனக்குத் துணையாக இருக்கும். அவள் பள்ளிக்கூடம் விட்டுத் தன் முதுகைவிடப் பெரிய பையோடு ஏறி வருவதைக் கண்டால் கையை விட்டு நழுவிவிடும்.

இந்த வருஷம் அவளுடைய தம்பி எங்கள் பிள்ளைக் காம்பராவுக்கு வந்தான். இரண்டரை வயது. அக்காவின் கண், அக்காவின் முடி, அக்காவின் மணிக்கட்டு. போன மாதம் கம்பனியிலிருந்து மறுபடியும் கடிதம் வந்தது. முட்டைத் திட்டத்தைத் திரும்பத் தொடங்குகிறார்களாம். படிவத்தைப் பார்த்துத் தீர்மானிப்பார்களாம். பழைய மேடம் இல்லை, கையெழுத்து வேறு. அதே வரி.

அன்றைக்குப் பகல் தாய் வந்தபோது நான் அவளை நிறுத்தி எல்லாவற்றையும் சொன்னேன். ஏன் அன்றைக்கு? கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவ்வளவுதான். வாசற்படியில் நின்றபடியே சொன்னேன். அந்தச் சொல்லின் அர்த்தம் நான் சொன்னதுதான், ஆனால் அதை எழுதியதால்தான் முட்டை வரவில்லை என்றேன். எனக்குத் தெரிந்தும் மூன்று மாதம் சும்மா இருந்தேன் என்பதையும் விடவில்லை.

அவள் விரலில் இருந்த ரப்பர் பாலைப் பிய்ப்பதை நிறுத்தினாள்.

"அந்தச் சொல்லாலயா டீச்சர் முட்டை வரல?"

"சொல்லால இல்ல. நான் எழுதினதால."

"புள்ள நல்லா இருக்கா, அதான் அவளுக்கு முட்டை இல்லன்னு நெனச்சேன்" என்றாள். "அந்த நேரம் அவங்கப்பா கொழும்புலருந்து ரெண்டு பக்கெட்டு பால்மா அனுப்புனாரு. எங்க மாமா முடியாம கெடந்தாருல்ல, அவருக்குக் கரைச்சுக் குடுத்தேன். டீச்சரே நல்லாருக்கான்னு எழுதிட்டாங்க, இவளுக்கு எதுக்குன்னு."

இது எனக்குத் தெரியாது. நாலு மாத முட்டையோடு கணக்கு முடிந்தது என்று நினைத்திருந்தேன். அந்தச் சொல் லயத்துக்குள்ளும் போய், அவள் அடுப்படியில் இருந்த பாலையும் பிள்ளையின் வாயிலிருந்து எடுத்துவிட்டிருக்கிறது.

"என்ன மன்னிச்சிருங்க" என்றேன். அவளிடம் நான் அப்படிப் பேசியதே இல்லை. அவள் "ம்" என்றாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மகனைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

அன்றோடு அந்தச் சொல் நின்றுவிட்டது. தாய் மேல் லயத்தில் என்ன சொன்னாள், யாரிடம் சொன்னாள் என்று தெரியாது. ஒரு வாரத்தில் பிள்ளைகளும் அவளைப் பிறப்புச் சான்றிதழில் இருக்கிற பெயரால் கூப்பிடத் தொடங்கிவிட்டார்கள். நாலு வருஷமாக அவளுக்குப் பெருமையாக இருந்தது அந்த ஒரு சொல். முட்டையைத்தான் கொடுக்கவில்லை, அதற்குப் பதிலாகக் கிடைத்ததையும் என் மனசு ஆறுவதற்காகப் பிடுங்கிக்கொண்டேன். சொல்லாமல் இருந்தது பாவம் என்றால், சொன்னது என்ன?

மாதக் கடைசியில், ஒன்றரை மணி போல, நான் படிவத்தை விரித்து வைத்திருந்த நேரம் தாய் வந்தாள். பள்ளிக்கூடம் விட்டு வந்த மகளும் கூட நின்றாள், சீருடையோடு.

"தம்பிக்கு என்னா எழுதப் போறீங்கன்னு, எழுதுறதுக்கு முந்தி எனக்குச் சொல்லுங்க டீச்சர்."

"வயசுக்கு ரொம்பச் சின்னவன், எடை பத்தாதுன்னு எழுதப் போறேன்."

"இங்கிலீசுல என்னா?"

"டூ ஸ்மால் ஃபார் ஹிஸ் ஏஜ்."

அவள் தூங்கும் மகனைப் பார்த்தாள். "இதுக்கு நல்ல சொல்லு ஒண்ணும் இல்லியா?" என்று கேட்டாள். குத்திக் கேட்டாளா, உண்மையாகவே கேட்டாளா என்று எனக்குத் தெரியவில்லை.

"இருக்கு. எழுத மாட்டேன்."

"ம். எழுதுங்க."

எழுதினேன். மகள் மேசை விளிம்பில் நாடியை வைத்து என் பேனையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் வகுப்பு. இந்த வருஷம்தான் இங்கிலீஷ் புத்தகம் கொடுத்திருக்கிறார்கள். எழுத்துக் கூட்டி வாசித்தாள்.

"ஸ்மால்." என்னை நிமிர்ந்து பார்த்தாள். "ஸ்மால்னா சின்னது. எங்க புத்தகத்துல யானைக்குப் பக்கத்துல எலி போட்டிருக்கு."

"ஆமா."

"எனக்கும் இதத்தானே எழுதியிருக்கணும் டீச்சர்?"

தாய் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். எனக்கு எத்தனையோ இங்கிலீஷ் சொல் தெரியும். அந்த நேரம் தமிழிலேயே ஒன்றுதான் இருந்தது.

"ஆமா" என்றேன்.

சரியான விடை சொன்ன பிள்ளைக்கு டீச்சர் தலையாட்டுவது போல அவள் தலையாட்டினாள். பிறகு பாயில் கிடந்த தம்பியை இரண்டு கையாலும் அள்ளி இடுப்பில் வைத்துக்கொண்டாள். அவனும் சின்னவன்தான். ஆனாலும் அவன் கால்கள் அவள் முழங்காலுக்குக் கீழே தொங்கின. தாய் வாங்கக் கையை நீட்டினாள். "வேணாம்மா, நான் தூக்குவேன்" என்று சொல்லிவிட்டு, ஒவ்வொரு படியிலும் நின்று, அவனை மேலே ஏற்றி வைத்து, மறுபடி ஒரு படி இறங்கிப் போனாள்.